மத்தி கிடந்த ஐஸ் கட்டி

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். சாப்பாட்டு டப்பாவை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் மனசு ஆறும். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு டீ கிளாஸைத் தொட மாட்டேன். சொந்தக்காரர்கள் கூடும்போதெல்லாம் என் மனைவி இதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வாள். அப்படிப்பட்டவன் கடலுக்குப் போய்க் கலவா மீன் பிடித்தேன் என்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அந்தப் படகில் நான் பார்த்த அசிங்கத்தில் மீனுக்குப் பங்கு ரொம்பக் குறைவு.

போனதற்குக் காரணம் என் நண்பன். கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்பு உதிரிபாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் நானும் அவனும் பன்னிரண்டு வருடம் ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தோம். எனக்கு மெஷினுக்குப் புரோகிராம் போட வரும். அவனுக்கு நாலு பேரிடம் பேசி ஆர்டர் பிடிக்க வரும். இரண்டும் சேர்ந்தால் தனியாகவே ஒரு பட்டறை போடலாம் என்று ஒரு வருடமாகப் பேசி, பேட்டையின் பின்பக்கத்தில் ஷெட்டும் பார்த்தாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் கையெழுத்து. என்னுடைய ராஜினாமாக் கடிதம் போனில் அடித்துத் தயாராக இருந்தது. அனுப்புவதுதான் பாக்கி.

அந்தக் கடிதத்தை அனுப்ப விரல் வராமல் ஒரு வாரமாக இருந்தேன். வேலையை விடுவதில் எனக்குப் பயமில்லை. இனி மிச்ச ஆயுசுக்கும் ஒரே அறையில் அவனோடு உட்காரப் போகிறேன் என்கிற நினைப்புத்தான். என் தாத்தா மற்றவர்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். அவன் தாத்தா அந்த மாதிரி வயல்களுக்குச் சொந்தக்காரர். எங்கள் ஊர்களுக்கு நடுவே ஒரு கண்மாய்தான். இதையெல்லாம் நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. இருவரும் திருநகரில் அடுத்தடுத்த தெருவில் வீடு கட்டி வந்துவிட்டோம். இனி என்ன என்று நான் விட்டுவிட்டேன். என் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது கூப்பிடாமலே வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்தவன் அவன். என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மாப்ள என்றுதான் கூப்பிடுவான். நானும் அப்படித்தான்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நாளு கடலுக்குப் போயிட்டு வருவோம் மாப்ள. மனசு லேசாயிரும்" என்றான் அவன்.

அவனுக்குக் கொஞ்ச நாளாகத் தூண்டில் பைத்தியம். சனிக்கிழமை ஆனால் ராமநாதபுரம் தாண்டி ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்விடுவான். எனக்குக் கடல் மீனே ஆகாது. நாங்கள் அயிரையும் கெண்டையும் தின்று வளர்ந்தவர்கள். கண்மாய் மீனுக்குச் சேற்று வாசம் உண்டு, ஆனால் அது தெரிந்த வாசம். கடல் மீனின் கவிச்சி என் மூக்கில் ஏறினால் இரண்டு நாள் இறங்காது. ஆனாலும் சரி என்றேன். ஒரு மனிதனோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தால் என் விரல் அந்தக் கடிதத்தை ஒன்று அனுப்பும், இல்லை அழிக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை விடியலில் அவன் காரில் கிளம்பினோம். கரை சேரும்போது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. கரை என்கிறேனே தவிர, கால் வைக்க இடமில்லை. மீன் செதில், அறுந்த வலை, பிளாஸ்டிக் உறை, நாய்ப் பீ, எல்லாம் ஈர மணலில் கலந்து கிடந்தன. செருப்பைக் கழற்று என்றான். கழற்றினேன். அந்த மணலில் வெறும் காலோடு நான் நடந்த நடையைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

படகுக்காரர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சின்ன ஃபைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார். மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். நடுவில் ஒரு தெர்மாகோல் ஐஸ் பெட்டி. அதைத் திறந்து காட்டினார். உடைத்த ஐஸுக்குள் மத்தி மீன்களும் கணவாயும் கிடந்தன. தூண்டிலுக்கு இரை. முந்தின நாள் மீனாம். சில மத்திகளின் வயிறு வெடித்து, ஐஸ் கட்டிகளே பழுப்பாகிவிட்டிருந்தன. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? மூடியைத் திறந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னும் மீனே பிடிக்கல, அதுக்குள்ள மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கியே மாப்ள" என்றான் அவன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே படகை நிறுத்தினார். ஆழமில்லை. தண்ணீருக்கு அடியில் கறுப்பாகப் பாறைகள் தெரிந்தன. பார் என்பார்கள் அதை. பாரின் பொந்துகளில்தான் கலவா குடியிருக்கும். தூண்டில் கம்பு எதுவும் கிடையாது. தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கையிலேயே சுற்றிக்கொண்டு, நுனியில் ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் கட்டி இறக்க வேண்டும். இரையைக் கலவா கவ்வியவுடன் இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். பிறகு நரம்பு அறுந்தாலும் அது வராது.

சொல்வதற்குச் சுலபம். முதலில் இரை கோக்க வேண்டுமே. கணவாய்த் தோலை உரித்து, விரல் நீளத்துக்குக் கிழித்து, முள்ளில் மடித்துக் குத்த வேண்டும். அது கையில் வழுக்கியது. சளி மாதிரி என்று சொல்லக் கூடாது என்று பார்க்கிறேன், ஆனால் சளி மாதிரிதான் இருந்தது. அவனோ சர்வ சாதாரணமாக உரித்தான், கிழித்தான், கையைச் சட்டையில் துடைத்தான். முடிச்சை இறுக்க வேண்டி வந்தபோது கணவாய்ச் சளி வழிகிற நரம்பை அப்படியே வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தான். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"எப்பிடி மாப்ள வாயில வைக்கிற?"

"இதுல என்ன இருக்கு? கடலுக்கு வந்துட்டா அசிங்கம் பாக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு முதலில் மாட்டியது ஒரு குழந்தை டயப்பர். உப்புத் தண்ணீர் குடித்து ஊதிப் போயிருந்தது. இரண்டாவது ஒரு பாலித்தீன் பை. மூன்றாவதாக ஒரு கலவா. உள்ளங்கை நீளம், பழுப்பு உடம்பு முழுக்கப் புள்ளி. வாயைப் பிளந்தது பாருங்கள், உடம்பில் பாதி வாய்தான். அந்த வாய்க்குள் பாதி கரைந்த இன்னொரு குட்டி மீன் இருந்தது. அதைக் கையில் பிடிக்க முடியாமல் கத்திவிட்டேன். படகுக்காரர் எட்டி வாங்கி, முள்ளைப் பிடுங்கி, படகில் இருந்த நீல டிரம்முக்குள் போட்டார். டிரம்முக்குள் அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெயில் ஏறியதும் தாகம். அப்போதுதான் தெரிந்தது, அவன் எடுத்து வைக்கிறேன் என்று சொன்ன தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் கார் டிக்கியில் இருக்கின்றன. படகில் இருந்தது படகுக்காரருடைய கேன் ஒன்றுதான். ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன், காலத்தில் மஞ்சளாகி, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியது.

மதுரைப் பக்கம் யாரும் வாய் வைத்துக் குடிப்பதில்லை. பாட்டிலோ செம்போ, அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்போம். ஒரு சொட்டு உதட்டில் படாது. சின்னப் பிள்ளையிலிருந்து பழக்கம். வாய் வைத்துக் குடிக்கிறவனை ஒரு மாதிரி பார்ப்போம். கம்பெனியிலும் அப்படித்தான். நானும் அவனும் பன்னிரண்டு வருடம் ஒரே பாட்டிலில் அண்ணாந்து குடித்திருக்கிறோம். அது சுத்தம், அது மரியாதை. ஆளாளுக்கு எதற்காக அண்ணாந்து குடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கத்தில் உள்ள பெரிய சௌகரியமே அதுதான்.

படகுக்காரர் கேனை எடுத்து வாய் வைத்து நாலு மடக்குக் குடித்தார். அதை அவனிடம் நீட்டினார். அவன் வழக்கம் போல அண்ணாந்தான். படகு ஆடியது. தண்ணீர் மூக்கில் ஏறி, புரையேறி, சட்டையெல்லாம் நனைந்தது. மறுபடி முயன்றான். மறுபடி மூக்கு.

"இங்க அதெல்லாம் ஆகாது தம்பி. சும்மா வாய் வச்சுக் குடிங்க" என்றார் படகுக்காரர்.

அவன் சிரித்துக்கொண்டே, அவர் வாய் வைத்த அதே கேனில் வாய் வைத்து மடமடவென்று குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து நானும் குடித்தேன். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன்: கேனின் வாயைச் சட்டை நுனியால் மூன்று தடவை துடைத்துவிட்டுத்தான் குடித்தேன். இரண்டு பேர் எச்சில் என்ற நினைப்பு போகவில்லை. ஆனால் தாகத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை. நான் வாய் வைத்ததை அவன் பார்த்தான்.

மதியம் நெருங்க நெருங்கக் காற்று மாறியது. நின்ற இடத்திலேயே படகு குதிக்க ஆரம்பித்தது. பெட்ரோல் வாடை, மத்தி வாடை, வெயில். வாந்தி எடுக்கப் போகிறவன் நான்தான் என்று மூன்று பேருமே எதிர்பார்த்தோம். எடுத்தது அவன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி எடுத்தான். காலையில் வழியில் தின்ற பூரியெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அதைத் தின்னக் குட்டி மீன்கள் மொய்த்தன. நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்தான், அந்த நேரம் எனக்கு அருவருப்பு வரவில்லை. நம் ஆள் என்று நினைத்தால் வராது போலிருக்கிறது.

அவன் உதடெல்லாம் வெளுத்து, கண் சொருகிக் கிடந்தான்.

"தண்ணி குடி மாப்ள" என்று கேனை நீட்டினேன்.

கேனைப் பார்த்தான். "வேணாம்" என்றான்.

"நாக்கு வறண்டு போச்சு ஒனக்கு. ரெண்டு மடக்கு குடி."

"குடிச்சா மறுபடி வரும். விடு."

சரி, வயிறு கேட்கவில்லை என்று விட்டேன். அவன் நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். நான் திரும்பி நரம்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தெர்மாகோல் மூடி கிரீச்சென்று திறக்கும் சத்தம் கேட்டது. இரை எடுக்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது, மத்திகளுக்கு நடுவிலிருந்து பழுப்பேறிய ஐஸ் கட்டி ஒன்றை எடுத்துப் பேண்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்து வாயில் போட்டுக்கொண்டான். கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிச் சப்பினான். ஐஸில் ஒட்டியிருந்த ஒரு செதில் அவன் கீழுதட்டில் நின்றது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. குமட்டலுக்குக் குளிர்ச்சி நல்லது என்றுதான் அவனுக்காக நானே ஒரு சமாதானம் தேடினேன். பன்னிரண்டு வருடப் பழக்கம் அப்படிப்பட்டது. போட்டு உடைத்தவர் படகுக்காரர். அவர் மனதில் ஒன்றும் இல்லை.

"ஏன் தம்பி, கேன்ல இம்புட்டுத் தண்ணி கிடக்கையில அந்த ஐஸப் போயி வாயில வைக்கிறீக? அதுல மீன் ரத்தம் ஊறிக் கிடக்கு."

"வாய் வச்ச தண்ணி எனக்கு ஒத்துக்காதுண்ணே" என்றான் அவன்.

"காலைல நான் வாய் வச்சதத்தானே குடிச்சீக?"

படகுக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும். அவன் கடலைப் பார்த்தான். வாயில் ஐஸ் கடகடவென்று பல்லில் பட்டது.

படகுக்காரர் என் காலடியில் இருந்த கேனை எடுத்தார். துடைக்கவில்லை. வாய் வைத்துக் குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் துடைக்காமல் குடித்தேன். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்காமல், மறுபடி ஒரு கணவாய்த் துண்டை முள்ளில் குத்தித் தண்ணீரில் இறக்கினேன். அந்தக் கணவாய் இப்போது எனக்கு அவ்வளவு அசிங்கமாகத் தெரியவில்லை. அன்றைக்கு அகப்பட்டதிலேயே பெரிய கலவா அப்போதுதான் என் நரம்பில் மாட்டியது. இழுத்துப் போட்டேன். என் மீது எனக்கு வந்த கோபம் மீன் மீது போனதோ என்னவோ, உள்ளங்கை அறுந்து ரத்தம் வந்தது கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கரையில் காலை ஊன்றியதும் அவன் பழைய ஆளாகிவிட்டான். டிக்கியைத் திறந்து பாட்டில் எடுத்து, அண்ணாந்து ஒரு பாட்டிலைக் காலி செய்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். "பெரிய மீனு ஒன்னோடது மாப்ள. ஆனா நீ சுத்தம் பண்ண மாட்டே, ஒனக்குக் கொமட்டும். நானே கொண்டு போயி வீட்ல கொழம்பு வச்சு நாளைக்குக் கொண்டாரேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. திருநகர் வரைக்கும் காரில் பட்டறை பற்றியே பேசிக்கொண்டு வந்தான். எந்த மூலையில் எந்த மெஷின், யார் டேபிள் எந்தப் பக்கம் என்று. கார் முழுக்க மத்தி நாற்றம். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். அவன் பேசப் பேச அந்த உதட்டுச் செதில்தான் கண் முன்னால் நின்றது.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். நாற்றம் போகவில்லை. மனைவி கேட்டதற்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டுமே. ஒருவேளை வாந்தி மயக்கத்தில் செய்தானோ, நான்தான் பெரிதாக நினைக்கிறேனோ என்று ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அவனுக்காக நானே வக்கீல் வேலை பார்த்தேன். படகுக்காரர் கேட்ட கேள்வியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வழக்குத் தோற்றது.

சாயங்காலம் வந்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, குழம்பு டப்பாவை என் மனைவியிடம் நீட்டினான்.

"சூடு பண்ணிச் சாப்புடுங்க தங்கச்சி. மாப்ள பிடிச்ச மீனாக்கும்."

"உள்ள வாங்கண்ணே" என்றாள் அவள்.

"இல்லத்தா, வண்டி நிக்குது. மாப்ள, நாளைக்குப் பத்து மணி. மறந்துராத."

நான் அடுப்படிக்குப் போய் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அவன் முன்னால் நீட்டினேன். நிலம் ஆடவில்லை. காற்று இல்லை. அவன் தாராளமாக அண்ணாந்தே குடித்திருக்கலாம்.

"தண்ணி குடி மாப்ள."

டம்ளரைப் பார்த்தான். சிரித்தான். "இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வாரேன்."

"சும்மா ஒரு மடக்கு."

"வயிறு முட்ட இருக்கு மாப்ள."

வெயிலில் வந்தவன். கழுத்தெல்லாம் வேர்வை. டம்ளரை நீட்டியபடியே நின்றேன். அவன் கை வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தது, நீளவில்லை.

"அப்ப நாளைக்கு எனக்காகக் காத்திருக்காத" என்றேன். "நான் வரல."

"என்ன மாப்ள வெளையாடுற? ஷெட்டு பாத்தாச்சு, எல்லாம் பேசியாச்சு."

"நீ அந்த ஐஸத் திங்கிறதப் பாத்துட்டேன்."

அவன் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். என் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். டம்ளர் தண்ணீரை நானே குடித்தேன். உள்ளே போய்ப் போனை எடுத்து அந்தக் கடிதத்தை அழித்தேன். என் பெயர் போட்ட பட்டறையும் அதோடு போனது.

பிறகுதான் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். குழம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஹோட்டலில் பார்சல் கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பா. அவன் வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரமோ, கறிக் குழம்போ, எது வந்தாலும் அதில்தான் வரும். திருப்பித் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் மனைவி ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். என்ன தாராளம் என்று நான் நினைத்திருக்கிறேன்.

அவள் குழம்பைக் குப்பையில் கொட்டினாள். டப்பாவைக் கழுவினாள். கழுவி, அடுப்படி மேல் அலமாரியைத் திறந்து மற்ற டப்பாக்களோடு அடுக்கினாள். பன்னிரண்டு வருடத்து டப்பாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பரண் வரைக்கும் நின்றன. அந்த வீட்டுப் பாத்திரம் ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"மொத டப்பா வந்தன்னிக்கே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க அம்புட்டு ஆசையாச் சாப்பிட்டீங்க" என்றாள்.